56 ஏ.பி.ஓ.விலிருந்து தென்பெண்ணைக் கரைக்கு

போர்முனைக் கடிதங்களும் அவற்றைச் சுமந்து வந்த இராணுவ அஞ்சலும்

தை மாதம் 5ஆம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக மணலூர்பேட்டைத் தென்பெண்ணையாற்றுக்கு எழுந்தருளும்போது, பிழைப்புக்காக வெளியூர் போன பிள்ளைகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருப்பார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் பேருந்து பிடித்து வந்துவிடலாம். பட்டாளத்தில் இருப்பவருக்கு அது எளிதில் கைகூடாது. லீவு கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் எல்லைக் காவலிலிருந்து மலை இறங்கி, ரயில் மாறி ரயில் மாறி வந்து சேரவே நான்கைந்து நாள் ஓடிவிடும். அதனால் ஒரு காலத்தில் அவருக்குப் பதிலாக அவருடைய கடிதம்தான் திருவிழாவுக்கு வந்தது. "ஆத்துல தண்ணி வந்துதா? இந்த வருஷம் மல்லாட்டை எப்படி? சாமி எத்தனை மணிக்கு வந்துச்சு?" என்று அது கேட்கும். அதை எழுதியவர் எங்கே இருந்தார் என்பது மட்டும் அதில் இருக்காது.

இந்த மலரில் நம் ஊரைப் பற்றியும் பெரியவர்களைப் பற்றியும் பலர் எழுதுகிறார்கள். எனக்குக் கிடைத்த பக்கங்களை, போர்முனைக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே நின்று வேலை செய்த ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கிறேன். அதன் பெயர் இராணுவ அஞ்சல். பட்டாளத்துக்காரர் வீடுகளில் அதை யாரும் அந்தப் பெயரால் அழைத்ததில்லை. "ஐம்பத்தாறு ஏ.பி.ஓ." (ஆர்மி போஸ்ட் ஆபீஸ்) என்றால்தான் தெரியும்.

ஊர்ப் பெயர் இல்லாத முகவரி

நமக்கு முகவரி என்றால் தெரு, ஊர், தாலுகா, ஜில்லா. போர்முனையில் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அவருடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அதன்கீழ் "மேற்பார்வை 56 ஏ.பி.ஓ." அல்லது "99 ஏ.பி.ஓ." என்ற ஒரே வரி. அவர் லடாக்கில் இருந்தாலும் ராஜஸ்தான் மணலில் இருந்தாலும் வீட்டிலிருந்து எழுதும் முகவரி மாறாது. படைப்பிரிவு இடம் பெயர்ந்தால் கடிதம் தானாகவே வழி மாறிப் போய்ச் சேரும். அவர் எங்கே இருக்கிறார் என்பது எதிரிக்குத் தெரியக் கூடாது. ஆகவே பெற்ற தாய்க்கும் தெரியாது. ஆனாலும் தாய் எழுதியது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இராணுவ அஞ்சல் இந்த இரண்டு கட்டளைகளையும் ஒருசேர நிறைவேற்றியது.

இந்த ஏற்பாட்டின் வேர் 1856இல் இருக்கிறது. அந்த ஆண்டு பாரசீகத்துக்குப் படை அனுப்பப்பட்டபோது, படையுடன் சேர்ந்தே கள அஞ்சலகங்களும் இந்தியாவிலிருந்து புறப்பட்டன. கூடாரத்தில் ஒரு மேசை, ஒரு முத்திரை, சில சாக்குப் பைகள் என்று அமைந்த கள அஞ்சலகம் படை நகர்ந்தால் தானும் நகரும். அதற்கு ஊர்ப் பெயர் இல்லை, எண் மட்டுமே உண்டு. கடிதத்தின் மேல் விழும் முத்திரையிலும் தேதியும் அந்த எண்ணும்தான் இருக்கும்.

சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர்

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியது. முதல் உலகப் போரை நம் தாத்தாமார்கள் அந்தச் சம்பவத்தை வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில், செப்டம்பர் கடைசியில், இந்தியப் படையின் முதல் அணிகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. நவம்பர் முதல் வாரத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கடற்கரையில் இறங்கிய படையில், பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படையும் 61ஆம் பயனியர் படையும் இருந்தன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் வீரர்கள் மெசபடோமியாவில் பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள். அந்தப் போரில் பணியாற்றிய இந்தியர்கள் 13 லட்சத்துக்கும் மேல். திரும்பி வராதவர்கள் 74,000 பேர்.

இத்தனை பேரும் வீட்டுக்கு எழுத விரும்பினார்கள். ஆனால் 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். எனவே கடிதத்தைச் சொல்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர். படைப்பிரிவில் எழுத்தறிந்த தோழர் எழுதினார். மருத்துவமனையில் படுத்திருந்தால் அங்கிருந்த எழுத்தர் எழுதினார். ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கூடாரங்களில் தாளும் உறையும் கிடைத்தன. சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கவும் ஆள் இருந்தார்கள். அந்த அமைப்பின் தேசியப் பொதுச் செயலாளராக 1916இல் பொறுப்பேற்ற முதல் இந்தியர் நம் அண்டை மாவட்டமான சேலத்தில் பிறந்த கே. டி. பால் என்பதை இங்கே பெருமையுடன் சொல்லலாம்.

ஊரிலும் இதே நிலைதான். கடிதத்தைக் கொண்டுவரும் தபால்காரரோ, பள்ளிக்கூட வாத்தியாரோ, கணக்குப்பிள்ளையோ திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். தாயார் கதவோரம் நின்று கேட்பார். பக்கத்து வீட்டாரும் வந்து நிற்பார்கள். ஆக, ஒரே கடிதத்துக்கு நான்கு பேர் சாட்சி: சொன்னவர், எழுதியவர், நடுவில் தணிக்கை செய்தவர், வாய்விட்டுப் படித்தவர். மனைவிக்கென்று தனியாக ஒரு சொல் எழுத நினைத்தால்கூட அது இந்த நான்கு பேர் காதிலும் விழுந்த பிறகுதான் அவளைச் சேரும். அந்தக் காலத்துப் பட்டாளக் கடிதங்களில் அன்பு மாட்டைப் பற்றிய விசாரிப்பாகவும், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லும் கட்டளையாகவும் வருவதற்கு இதுவே காரணம். அந்த வரிகளை அப்படியே அன்பு என்று படிக்கத் தெரிந்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள்.

தணிக்கை மேசை

பிரான்சுக்குப் போன இந்திய வீரர்களின் கடிதங்களைப் படிக்கத் தனி அலுவலகமே வைத்தார்கள். அதன் தலைவராக முதலில் இருந்தவர் ஈவ்லின் ஹோவெல் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. 1915 தொடக்கத்தில் பிரான்சிலிருந்த இந்திய வீரர்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதினார்கள். அத்தனையையும் படிக்க முடியாது. கையில் எடுத்தவற்றில் முக்கியமானவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, படையின் மனநிலை எப்படி இருக்கிறது என்று மேலிடத்துக்கு வாராவாரம் அறிக்கை அனுப்பினார்கள்.

இதில் ஓர் அதிசயம் நடந்தது. கடிதங்களில் பெரும்பாலானவை வீடுகளில் கரையானுக்கும் ஈரத்துக்கும் பலியாகிவிட்டன. உளவு பார்க்கப் பிரதி எடுத்த பகுதிகளோ லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. வரலாற்றாசிரியர் டேவிட் ஒமிசி அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1999இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அவற்றில் மிகுதியும் பஞ்சாபியர், பதான்கள், கட்வாலிகள் போன்றோருடையவை. மேற்கு முனைக்குப் போன காலாட்படையினரில் பெரும்பகுதியினர் வடநாட்டவர் என்பதால் தமிழ்க் குரல் அங்கே அரிது. ஆனாலும் அவர்கள் எழுதியவை யாருக்கும் அந்நியமல்ல. பனியைப் பற்றியும் பீரங்கியைப் பற்றியும் எழுதினார்கள். நிலத்தின் மேலுள்ள கடனைப் பற்றியும் தங்கையின் கல்யாணத்தைப் பற்றியும் எழுதினார்கள். போரின் அளவைச் சொல்ல வேறு உவமை கிடைக்காமல் மகாபாரதத்தைத் துணைக்கு அழைத்தார்கள். தம்பி பட்டாளத்தில் சேர வேண்டாம் என்று சிலர் ஜாடையாகத் தடுத்தார்கள்.

ஜாடையும் ஒரு கலையாக வளர்ந்தது. இந்தியச் சிப்பாய்களைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைச் சிப்பாய்களைச் சிவப்பு மிளகாய் என்றும் குறித்து, எது எவ்வளவு செலவாகிறது, எது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று மளிகைக் கணக்கு போல எழுதியிருக்கிறார்கள். தணிக்கை மேசைக்கு இது புரியாமல் போகவில்லை. புரிந்தும் பெரும்பாலான கடிதங்களை நிறுத்தாமல் அனுப்பினார்கள். கடிதப் போக்குவரத்தை நிறுத்தினால் படை நிற்காது என்பது அவர்களுக்கும் தெரியும்.

எழுத நேரமில்லாதவருக்கு அச்சிட்ட அட்டை ஒன்று இருந்தது. "நலமாக இருக்கிறேன்", "மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன்", "உங்கள் கடிதம் கிடைத்தது" என்ற பொருள்பட வரிகள் அச்சாகியிருக்கும். வேண்டாதவற்றை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் மட்டும் போட வேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை கிழித்தெறியப்படும். நம் மரபுக் கடிதத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதும் "நலம், நலமறிய ஆவல்" என்பதை ஒரு சடங்கு என்று இன்று நினைக்கிறோம். அடிக்காமல் விட்ட அந்த ஒரே வரியைப் பார்த்து ஒரு வீடு அன்றைக்கு அடுப்பு மூட்டியது என்றால் அதைச் சடங்கு என்று எப்படிச் சொல்வது?

கல்லில் எண், கடிதத்தில் பெயர்

போர் முடிந்த பிறகு ஆங்கில அரசு பல ஊர்களில் கல்வெட்டுப் பலகை பதித்தது. தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் பழைய பொதுக் கட்டடங்களின் சுவரிலும் மணிக்கூண்டிலும் இன்றும் அவற்றைக் காணலாம். இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்தில் இரண்டே எண்கள். ஒரு பெயரும் இருக்காது.

வெளிநாட்டுக் களங்களிலும் இதேதான் நடந்தது. போரில் இறந்தோரின் கல்லறைகளையும் நினைவிடங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் தன் கடந்த காலத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது எவ்விதத்திலும் நினைவுகூரப்படவில்லை என்றும், அந்தத் தொகை மூன்றரை லட்சம் வரை போகலாம் என்றும் ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஐரோப்பியருக்குத் தனித்தனிக் கல்லறைக் கல், பெயர், குடும்பத்தார் தேர்ந்த வாசகம். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மெசபடோமியாவிலும் மாண்ட இந்தியச் சிப்பாய்க்கு ஒரு மொத்தக் கணக்கு.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்த ஒரே விஷயம் இங்கேதான் இருக்கிறது. கல்லில் ஊரும் எண்ணிக்கையும் உண்டு, பெயர் இல்லை. கடிதத்தில் பெயர் உண்டு, இடம் இல்லை. அரசு எழுதிய வரலாற்றிலிருந்து விடுபட்டதெல்லாம் வீட்டுக் கடிதத்தில் இருக்கிறது. கடிதத்திலிருந்து தணிக்கைக்காரர் நீக்கியதோ அரசு ஆவணத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு மனிதனின் கதை முழுமையாகும்.

அப்படி வைத்துப் பார்க்க ஒரு திறவுகோலும் உண்டு. இடத்தை மறைப்பதற்காகவே பிறந்த அந்தக் கள அஞ்சலக எண்தான் அது. எந்த எண் எந்த மாதத்தில் எந்த ஊரில் இருந்தது என்பது அன்றைக்கு ரகசியம். போர்கள் முடிந்த பின், இராணுவ அஞ்சலில் பணியாற்றிய பிரிகேடியர் டி. எஸ். விர்க் போன்றோரும் அஞ்சல்தலை ஆய்வாளர்களும் பல ஆண்டு உழைத்து அந்தப் பட்டியல்களைத் தொகுத்துவிட்டார்கள். உறையின் மேல் மங்கலாக நிற்கும் முத்திரையில் எண்ணும் தேதியும் தெரிந்தால், தாத்தா அந்தக் கடிதத்தை எழுதியபோது எகிப்தில் இருந்தாரா, இத்தாலியில் இருந்தாரா என்று இன்று கண்டுபிடிக்கலாம். அவர் அம்மாவிடம் சொல்ல முடியாததை முத்திரை பேரனிடம் சொல்கிறது.

பசியும் தபாலில் போனது

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை 25 லட்சமாகப் பெருகியது. 87,000 பேர் மாண்டனர். இரண்டு போர்களுக்கும் இடையில் கலைக்கப்பட்டிருந்த மதராஸ் காலாட்படை மீண்டும் எழுப்பப்பட்டது. தென்னாற்காடு ஜில்லா உள்ளிட்ட மதராஸ் மாகாணத்து இளைஞர்கள் முன்னெப்போதும் இல்லாத அளவில் ஆள்சேர்ப்பு முகாம்களுக்குப் போனார்கள். திருக்கோவிலூரில் ரயில் ஏறினால் திருவண்ணாமலை, காட்பாடி வழியாகப் பெங்களூருக்குப் போய்ச் சேரலாம். அங்கே மதராஸ் சாப்பர்ஸ் பயிற்சி நிலையம் இருந்தது. பள்ளிக்கூட வாசலே மறுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து போன எத்தனையோ பேருக்குப் பட்டாளத்து வகுப்பறைதான் முதல் பள்ளிக்கூடம். அப்பாவுக்காக வேறொருவர் எழுதிய காலம் போய், மகன் தன் கையாலேயே எழுதத் தொடங்கியது இந்தப் போரில்தான்.

கடிதம் போகும் வழியும் மாறியது. கப்பலில் இடம் இல்லை. எனவே 1941 முதல் ஏர்கிராஃப் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். கடிதத்தைச் சிறு பிலிமில் படம்பிடிப்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களைக் கொண்ட ஒரு சுருள், விமானத்தில் கைப்பிடி அளவு எடையோடு பறந்து போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் பெரிதாக்கி அச்செடுத்துக் கொடுப்பார்கள்.

முன்பு வீடுதான் போர்முனையை நினைத்துக் கலங்கியது. 1943இல் நிலைமை தலைகீழானது. வங்கத்தில் பெரும் பஞ்சம். நாடெங்கும் விலைவாசி ஏறி அரிசி கிடைக்காமல் போனது. மத்தியக் கிழக்கிலிருந்த வீரர்கள் தங்கள் தட்டில் விழும் சோற்றைப் பார்த்து, வீட்டில் என்ன சாப்பிடுகிறார்களோ என்று வேதனையோடு எழுதியதைத் தணிக்கை அறிக்கைகள் மறுபடி மறுபடி பதிவு செய்கின்றன. சண்டை எந்தப் பக்கம், பசி எந்தப் பக்கம் என்ற எல்லைக்கோட்டைக் கடிதங்கள் அழித்துவிட்டன.

எழுதியவர் திரும்பாமலும் போனார். செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள கீழ ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸின் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியில் பணியாற்றியவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த வீரரின் காலடியில் வெடி ஒன்று விடுபட்டது. அது வெடிக்க இருந்த அந்தச் சில நொடிகளில் சுப்பிரமணியன் தன் உடலால் அதை மூடினார். உடன் வந்தவர்களைக் காத்துத் தாம் இறந்தார். வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. ஒவ்வொரு படைப்பிரிவிலும், எழுதி முடித்த கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள்.

கடிதமே வராத வீடுகளின் துயரம் தனி. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது சுமார் 40,000 இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார்கள். அவர்களில் பலர் பின்னர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். அவர்களுக்கும் தாய்நாட்டுக்கும் இடையில் தபால் அறுந்து போனது. உயிரோடு இருக்கிறாரா, திதி கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன.

56, 99

விடுதலைக்குப் பின் காஷ்மீர்ப் போர் தொடங்கி இராணுவ அஞ்சலுக்கு ஓய்வே இல்லை. மேற்கிலும் வடக்கிலும் உள்ள படைகளுக்கு 56 ஏ.பி.ஓ.; கிழக்கில் உள்ளவர்களுக்கு 99 ஏ.பி.ஓ. டெல்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள மைய அடிப்படை அஞ்சலகங்களில் கடிதங்கள் படைப்பிரிவு வாரியாகப் பிரிக்கப்பட்டு, ரயிலிலும் லாரியிலும் ஹெலிகாப்டரிலும் கோவேறு கழுதையிலும் ஏறி முன்னணிக் காவலுக்குப் போயின. கொரியாவுக்கும் காசாவுக்கும் காங்கோவுக்கும் இந்திய அமைதிப் படை போனபோது கள அஞ்சலகமும் கூடவே போயிற்று. அந்தப் பணிகளுக்கென்று இந்திய அஞ்சல்தலைகளில் தனியாக மேலச்சு இட்டு வெளியிட்டார்கள்.

1972 மார்ச் 1ஆம் தேதி இராணுவ அஞ்சல் சேவை தனிப் படைப்பிரிவாக ஆனது. "மேல் மிலாப்" என்பது அதன் குறிக்கோள் வாசகம். கடிதத்தின் வழியே சேர்த்துவைத்தல் என்பது அதன் கருத்து. இதில் பணியாற்றுவோரில் பெரும்பகுதியினர் அஞ்சல் துறையிலிருந்து அயல்பணியாகப் போகிறவர்கள். நேற்று வரை ஒரு சிற்றூர் அஞ்சலகத்தில் முத்திரை குத்திய எழுத்தர், சீருடை அணிந்து பனிமலையில் அதே வேலையைச் செய்யலாம். பட்டாளத்துக்கும் தபாலாபீசுக்கும் இப்படி ஓர் உறவுமுறை உண்டு.

வீட்டுப் பக்கத்திலும் சில தேதிகளை நினைவில் வைக்க வேண்டும். 1950 அக்டோபர் 2 அன்று உள்நாட்டுக் கடித அட்டை வந்தது. நாம் "இங்கிலாந்து லெட்டர்" என்று வாய்தவறிச் சொன்ன அந்த இன்லேண்ட் லெட்டர்தான் 1962, 1965, 1971 போர்களைக் கண்ட குடும்பங்களின் துணை. உறை தேவையில்லை, மூன்று மடிப்பு, ஓரங்களில்கூட இடம் விடாமல் நெருக்கி எழுதலாம். 1972 ஆகஸ்ட் 15 முதல் பின்கோடு வந்தது. மணலூர்பேட்டைக்கு 605754.

கடிதத்தைவிட அதிகமாக எதிர்பார்க்கப்பட்டது மணியார்டர். பணம் மட்டும் வராது. படிவத்தின் அடியில் துண்டுச் செய்தி எழுத நான்கு விரல் அகலத்தில் இடம் இருக்கும். "நலம். கடனைக் கட்டவும். தம்பிக்குச் சட்டை எடுக்கவும்." கடிதத்தில் ஒரு பக்கம் எழுதுவதை அந்த இடத்துக்குள் அடக்கப் பழகியிருந்தார்கள். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்து, கைநாட்டு வாங்கி, அந்தத் துண்டைக் கிழித்துத் தருவார். பணம் அன்றைக்கே கடைக்குப் போய்விடும். துண்டு மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டு ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

தந்தி வேறு. நல்ல செய்தியைக் கடிதம் கொண்டுவரும், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணச் செய்தி. தந்தி என்றால் பிரிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகுரல் எழும். அதைக் கொண்டுவந்தவர் வாசலில் சைக்கிளை நிறுத்தும் விதத்திலேயே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிடும். 2013 ஜூலையில் தந்தி நின்றது. 2015இல் மணியார்டரும் பழைய உருவத்தில் இல்லாமல் போனது.

கடைசியாக ஒரு தலைமுறை எழுதியது

1999 மே முதல் ஜூலை வரை நடந்த கார்கில் போர், வீரர்கள் பேனா எடுத்து எழுதிய கடைசிப் பெரும் போர் என்று சொல்லலாம். 527 வீரர்கள் உயிர் தந்தார்கள். திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் மே 29 அன்று படாலிக் பகுதியில் வீழ்ந்தார். அவர் உடலை மீட்டு வரப் பல வாரங்கள் ஆயின. வீர் சக்ரா பெற்ற அவருடைய நினைவு திருச்சியில் இன்றும் போற்றப்படுகிறது.

அதே போரில் ராஜ்புதானா ரைபிள்ஸ் படையைச் சேர்ந்த 22 வயது கேப்டன் விஜயந்த் தாபர், தாக்குதலுக்குப் புறப்படும் முன் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதி, தான் திரும்பாவிட்டால் சேர்க்கும்படி கொடுத்துவிட்டுப் போனார். திரும்பவில்லை. தன் உடலுறுப்புகளில் எதை எடுக்க முடியுமோ எடுக்கட்டும் என்றும், அநாதை இல்லத்துக்குக் கொஞ்சம் பணம் கொடுங்கள் என்றும், காஷ்மீரில் தனக்குப் பழக்கமான ஒரு சிறுமிக்கு மாதம் 50 ரூபாய் கொடுத்து வாருங்கள் என்றும் அதில் கேட்டிருந்தார். நூறாண்டுக்கு முன் மாட்டையும் நிலத்தையும் விசாரித்த சிப்பாயும், தான் இல்லாத மாதங்களுக்கு ஐம்பது ரூபாய்க் கணக்கு எழுதிய இந்த இளைஞரும் ஒரே மரபைச் சேர்ந்தவர்கள். சாவைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் அவர்கள் செய்து முடிக்க வேண்டிய வேலையை எழுதினார்கள்.

இன்று எல்லைக் காவலில் இருப்பவர் செல்பேசியில் முகம் பார்த்தே பேசிவிடுகிறார். தாய்மார்களுக்கு அது பெரிய வரம். அந்தக் காலக் காத்திருப்பு மறுபடி வர வேண்டாம். ஆனால் பேசியது காற்றோடு போய்விடும். எழுதியது மட்டும்தான் பெட்டியில் தங்கும்.

பரணில் இருக்கும் பெட்டி

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது, தென்பெண்ணை கரை மீறி ஊர்களுக்குள் புகுந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். பத்திரம், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் நனைந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். ஓர் ஊரின் நினைவு எவ்வளவு மெல்லிய தாளில் இருக்கிறது என்பதை அந்த இரவு காட்டியது. "ஆத்துல தண்ணி வந்துதா" என்று கேட்ட கடிதத்தையே ஆறு கொண்டுபோய்விடக் கூடாது.

ஆகவே பட்டாளத்துக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இது. பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை ஒரு நாள் இறக்கிப் பாருங்கள். கடிதம் கிடைத்தால் உறையைத் தூக்கி எறிய வேண்டாம். முத்திரை அதன்மேல்தான் இருக்கிறது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்ட வேண்டாம், லாமினேஷன் செய்ய வேண்டாம். இரண்டும் தாளைக் கெடுக்கும். குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். துரு தாளைத் தின்னும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத உயரத்தில் வையுங்கள். செல்பேசியில் இரண்டு பக்கமும் உறையும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், என்ன உறவு என்பதைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். இதைச் சொல்லக்கூடிய பாட்டி இன்றைக்கு இருக்கிறார்.

போரில் மாண்டவர் இருந்தால், போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடலாம். இரண்டாம் உலகப் போர்ப் பதிவுகள் பலவற்றில் தந்தை பெயரும் ஊரும் ஜில்லாவும் குறிக்கப்பட்டிருக்கும். "தென்னாற்காடு" என்ற பழைய ஜில்லாப் பெயரில் தேட வேண்டும். விழுப்புரம் 1993இலும் கள்ளக்குறிச்சி 2019இலும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. படைப்பிரிவு விவரங்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டும். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பழந்தாள்களைப் பேணுவதில் தேர்ந்தவை. அவர்களிடம் யோசனை கேட்கலாம்.

இவையெல்லாம் காப்பதற்கான வழிகள். அதற்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கடிதங்கள் மௌனமாகப் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. திண்ணையில் ஒருவர் படிக்க, தெருவே கேட்கட்டும் என்று சொல்லி எழுதியவை. வருகிற தை 5 அன்று, தீர்த்தவாரி முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பின், பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து ஒரு கடிதத்தையாவது முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை வாய்விட்டுப் படியுங்கள். ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று அவர் கேட்கும் இடம் வரும்போது, அங்கே உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகளில் ஒன்று பதில் சொல்லட்டும்.